இடம் கிடைத்தும் போக முடியாமல் நிற்காதீர்கள்: கையில் பணமில்லாத மாணவர் வெளிநாட்டில் படிக்கத் தேதிவாரி வழிகாட்டி

முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்த மாணவர்கூட விமானம் ஏறும் முன் கையிலிருந்து செலவழிக்க வேண்டியவை சில உண்டு. பாஸ்போர்ட், மொழித் தேர்வு, சான்றிதழ் மொழிபெயர்ப்பு, விண்ணப்பக் கட்டணம், விசா, மருத்துவப் பரிசோதனை, காப்பீடு, டிக்கெட், அறைக்கு முன்பணம், போய் இறங்கிய முதல் மாதச் சாப்பாடு. உதவித்தொகையின் முதல் தவணை பெரும்பாலும் இவ்வளவும் முடிந்த பிறகுதான் கணக்கில் ஏறுகிறது. வசதியான வீட்டுப் பிள்ளை அப்பாவின் கார்டில் கட்டிவிட்டுப் பிறகு சரிசெய்துகொள்கிறது. மற்றவர்கள் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, ‘எனக்கு விருப்பமில்லை’ என்று படிவத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள்.

ஆகவே இந்த வழிகாட்டி மொத்தச் செலவைவிடத் தேதிகளைப் பற்றியே அதிகம் பேசும். எந்தப் பணம் எந்த நாளில் வெளியே போகிறது, எந்த நாளில் உள்ளே வருகிறது, நடுவில் உள்ள பள்ளத்தை யார் நிரப்புவது என்பதுதான் விஷயம். முதல் பகுதிகள் மாணவருக்கு. கடைசிப் பகுதி, அவரை அனுப்பிவைக்கும் ஆசிரியருக்கும் பல்கலைக்கழக வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்துக்கும்.

முதலில் வழியைத் தேர்ந்தெடுங்கள், பிறகு நாட்டை

‘எந்த நாடு நல்லது’ என்று ஆரம்பிப்பது கையில் பணம் உள்ளவர்களின் கேள்வி. உங்கள் கேள்வி வேறு: கட்டணத்தை யார் கட்டுகிறார்கள், எப்போது கட்டுகிறார்கள்?

ஒரு செமஸ்டர் அல்லது ஒரு வருடப் பரிமாற்றத் திட்டம்தான் குறைந்த பணத்தில் போகக்கூடிய வழி. இரு பல்கலைக்கழகங்களுக்கிடையே ஒப்பந்தம் இருந்தால், வழக்கமான கல்விக் கட்டணத்தை உங்கள் பல்கலைக்கழகத்திலேயே கட்டிவிட்டு அங்கே கட்டணமின்றிப் படிக்கலாம். ஒப்பந்தத்தில் ‘கட்டண விலக்கு’ என்ற வரி இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிடுங்கள். ‘வருகை மாணவர்’ என்ற பெயரில் முழுக் கட்டணம் வாங்கும் திட்டங்களும் அதே அறிவிப்புப் பலகையில்தான் ஒட்டப்பட்டிருக்கும். நீங்கள் இப்போது பெறும் கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் வெளிநாட்டில் இருக்கும் மாதங்களிலும் தொடருமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் போனவர்கள் திரும்பி வந்தபின் நிலுவைக் கட்டணம் கட்ட வேண்டி வந்திருக்கிறது.

முழுப் பட்டத்துக்கு உதவித்தொகை என்பது இரண்டாவது வழி. இங்கே ஒவ்வொரு திட்டத்தின் குணமும் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைத் திட்டம் கல்விக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டு மாதம் 1,400 யூரோ தருகிறது, அதிகபட்சம் 24 மாதம். 2021இல் தொடங்கிய விதிகளின்படி பயணம், விசா, குடியேறும் செலவு எல்லாம் அந்த 1,400க்குள்ளேயே அடக்கம். அதாவது டிக்கெட்டை முதலில் நீங்கள் வாங்க வேண்டும். பிரிட்டனின் காமன்வெல்த் முதுகலை உதவித்தொகையில், ‘இந்த உதவி இல்லாமல் பிரிட்டனில் படிக்க வசதியில்லாதவர்’ என்பதே தகுதி நிபந்தனைகளில் ஒன்று. வசதியில்லாத மாணவர் முதலில் பார்க்க வேண்டியது இதுபோன்ற வரியுள்ள திட்டங்களைத்தான். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைத் திட்டத்துக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்ததும் 2 வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். இறுதியாண்டில் இருப்பவர் அதற்கு மூச்சைப் பிடித்துக் கட்டுரை எழுதுவது வீண். வேலைக்குப் போய் 2 வருடம் கழித்து எழுதலாம். பகுதிநேர வேலையும் அந்த மணிக்கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது வழி, கட்டணம் இல்லாத அல்லது மிகக் குறைந்த நாடு. இந்தப் பட்டியல் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஐரோப்பியப் பொருளாதார வட்டத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு ஸ்வீடன் 2011இலும் ஃபின்லாந்து 2017இலும் நார்வே 2023இலும் கட்டணம் கொண்டுவந்தன. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இன்னும் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டர் முதல் புதிதாகச் சேரும் வெளிநாட்டு மாணவரிடம் கட்டணம் வாங்குகிறது. அண்ணன் போனபோது இலவசமாக இருந்தது என்பது ஆதாரமாகாது. நீங்கள் சேரப்போகும் வருடத்துக்கான பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

நான்காவது வழி, ஊதியத்தோடு கூடிய முனைவர் பட்டம். அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் துறைகளின் முனைவர் படிப்புகளில் பெரும்பாலானவை கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதச் சம்பளமும் தருகின்றன. இளங்கலை முடித்தவுடனே இதற்கு விண்ணப்பிக்கலாம். கடன் வாங்கி முதுகலைக்குப் போவதுதான் ஒரே வழி என்று பலர் நம்புவதற்குக் காரணம், இந்த வழியை விளம்பரம் செய்ய எந்த ஏஜெண்டுக்கும் கமிஷன் கிடைப்பதில்லை என்பதே. ஏஜெண்டுக்குப் பணம் தருவது பெரும்பாலும் மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி. அதனால் கட்டணம் அதிகமுள்ள இடமே முதலில் காட்டப்படும். ‘உங்களுக்கு யார் பணம் தருகிறார்கள், நான் எந்தெந்தக் கல்லூரியில் சேர்ந்தால் தருகிறார்கள்’ என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

பணக் காலண்டர் போடுங்கள்

ஒரு நோட்டை எடுத்து ஐந்து கோடு இழுங்கள்: தேதி, செலவு, தொகை, திரும்பக் கிடைக்குமா, யார் தருகிறார்கள். புறப்படுவதற்கு 15 மாதம் முன்னால் தொடங்கி, முதல் உதவித்தொகை கணக்கில் விழுந்து 30 நாள் ஆகும்வரை எழுதுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜெர்மனியில் 5 மாதப் பரிமாற்றம். கட்டணம் இல்லை. மாதம் 600 யூரோ உதவித்தொகை, மொத்தம் 3,000. போய்ச் சேர்ந்ததற்கான சான்றிதழை அனுப்பியபின் 80 சதவீதம், அதாவது 2,400. மீதி திரும்பி வந்தபின். மாணவர் விசாவுக்கு ஜெர்மனி கேட்கும் நிதி ஆதாரம் மாதம் 992 யூரோ, வருடத்துக்கு 11,904. விசாக் கட்டணம் 75. இந்த இரண்டும் உண்மையான தொகைகள், மற்றவை கணக்குக்காக வைத்துக்கொண்டவை. டிக்கெட் 650, அறைக்கு இரண்டு மாத முன்பணம் 700, முதல் மாத வாடகை 350, கல்விக் கட்டணம் இல்லாவிட்டாலும் பல்கலைக்கழகத்தில் கட்ட வேண்டிய செமஸ்டர் பங்களிப்பு 200, காப்பீடு 150, முதல் மாதச் சாப்பாட்டுக்கு 250. விசாக் கட்டணத்தோடு கூட்டினால் 2,375.

இதோடு முடக்கக் கணக்கில் (ப்ளாக்டு அக்கவுண்ட்: விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு) 5 × 992 = 4,960 போட வேண்டும் என்று வைத்தால், உதவித்தொகையில் ஒரு காசு வரும் முன் உங்கள் கையில் இருக்க வேண்டியது 7,335 யூரோ. கிடைக்கப்போவதோ மொத்தமே 3,000.

இப்போது ஒரே ஒரு கடிதத்தைச் சேர்த்துப் பாருங்கள். உதவித்தொகை தருபவர் தன் தலைப்புத்தாளில் ‘மாதம் 600 யூரோ, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, 5 மாதம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால், பொதுவாக மீதி வித்தியாசத்துக்கு மட்டும் முடக்கக் கணக்கு போதும்: 392 × 5 = 1,960. தேவை 4,335 ஆகக் குறைகிறது. 3,000 யூரோ வித்தியாசம் ஒரு கடிதத்தில் இருக்கிறது. வெறுமே ‘இவருக்கு உதவித்தொகை வழங்கப்பட்டுள்ளது’ என்று எழுதிய கடிதம் உதவாது. தொகையும் மாதமும் அதில் இருக்க வேண்டும். உங்கள் தூதரகம் அதை எந்த வடிவில் ஏற்கிறது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

மூன்றாவது படி, அந்த 2,400ஐப் புறப்படும் முன்பே தரச் சொல்லிக் கேட்பது. தந்துவிட்டால் நீங்கள் தேட வேண்டியது 1,935 மட்டும். அலுவலகத்துக்கு ஒரு காசு கூடுதல் செலவில்லை, தேதிதான் மாறியது. விதிப்படி முன்கூட்டித் தர முடியாது என்றால் டிக்கெட்டை அலுவலகமே நேரடியாக வாங்க முடியுமா என்று கேளுங்கள். அறை முன்பணத்துக்குப் பல்கலைக்கழகம் உத்தரவாதக் கடிதம் தர முடியுமா என்றும் கேளுங்கள். கேட்பவர் கொஞ்சம் பேர்தான் என்பதால் பல அலுவலகங்களில் இதற்கு வழக்கம் என்று ஒன்று இல்லை. கேட்டால் வழி பிறப்பதுண்டு. கேட்கும்போது ‘எனக்குக் கஷ்டம்’ என்று பொதுவாக எழுதாமல் காலண்டரை இணைத்து அனுப்புங்கள். ‘ஆகஸ்ட் 10 அன்று 1,960, ஆகஸ்ட் 25 அன்று 650, என்னிடம் இருப்பது இவ்வளவு, பற்றாக்குறை இவ்வளவு’ என்று எழுதிய கடிதத்தை மேலதிகாரியிடம் அப்படியே அனுப்பிவிட முடியும்.

கூட்டிய தொகையின் மேல் நாணய மாற்று ஏற்ற இறக்கத்துக்காக 8 முதல் 10 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்தில் இன்னொரு பொறி உண்டு. சரியாக 1,960 அனுப்பினால் நடுவில் உள்ள வங்கி தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு 1,940 மட்டும் போய்ச் சேரும். தொகை குறைவு என்று முடக்கக் கணக்குக்கான உறுதிச் சான்றிதழ் வராது, விசா சந்திப்புத் தேதி கைவிட்டுப் போகும். அனுப்பும் படிவத்தில் ‘எல்லாக் கட்டணமும் அனுப்புபவருக்கே’ என்ற தெரிவை இடுங்கள், அதன்மேல் 30 யூரோ கூட்டியே அனுப்புங்கள்.

வீட்டுக்கு நீங்கள் இப்போது தரும் பணத்தையும் காலண்டரில் எழுதுங்கள். பகுதிநேர வேலை செய்து குடும்பத்துக்குக் கொடுக்கும் மாணவருக்கு, போகும் மாதங்களில் அந்த வருமானம் நிற்பதும் ஒரு செலவுதான். எந்த உதவித்தொகைப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை. விளக்கக் கடிதத்தில் எழுதத் தவறாதீர்கள்.

நிதி ஆதாரம்: பணம் இருந்தும் நிராகரிக்கப்படுவது எப்படி

விசா அதிகாரி பார்ப்பது பணத்தின் அளவை மட்டுமல்ல, அதன் வயதையும்தான். பிரிட்டன் மாணவர் விசாவுக்குத் தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், அந்த 28 நாளின் கடைசி நாள் விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் இருக்க வேண்டும். 19ஆம் நாள் அவசரத்துக்கு எடுத்து மறுநாள் திரும்பப் போட்டாலும் கணக்கு முதலிலிருந்துதான். உறவினர் பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுச் சேர்ப்பவர்களுக்கு நேரும் தவறு இதுவே: கடைசித் தொகை வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் 28ஐ எண்ண வேண்டும். அரசு அல்லது பன்னாட்டு உதவித்தொகை முழுச் செலவையும் ஏற்கும்போது இந்த 28 நாள் நிபந்தனை பொருந்தாது, அவர்களின் கடிதமே போதும்.

அதே விண்ணப்பத்தில் மருத்துவக் கூடுதல் கட்டணம் என்று ஒன்று வரும். மாணவருக்கு வருடம் 776 பவுண்டு. விசாவின் மொத்தக் காலத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும். ஒரு வருட முதுகலைக்கு விசா சுமார் 16 மாதத்துக்குத் தரப்படுவதால் 1,164 பவுண்டு ஆகிறது. இதை உதவித்தொகை தருபவர் கட்டுகிறாரா, நீங்கள் கட்டிப் பின்னர் பெறுவதா என்று முதல் வாரத்திலேயே கேட்க வேண்டும். விசா மறுக்கப்பட்டால் இந்தத் தொகை திரும்ப வரும், விசாக் கட்டணம் வராது.

அமெரிக்காவில் மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் பெறவே முதல் வருடச் செலவுக்கான ஆதாரத்தைக் கல்லூரிக்குக் காட்ட வேண்டும். அதன்பின் வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பத்துக்கு 185 டாலர். ஊதியத்தோடு முனைவர் படிப்புக்குப் போகிறவருக்கு ஊதியம் முழுச் செலவையும் ஈடுகட்டினால் நியமனக் கடிதமே ஆதாரம், பொதுவாக வங்கி இருப்பு தேவைப்படாது.

கனடாவில் கல்விக் கட்டணமும் பயணமும் போக ஒருவருக்குக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவு பல வருடம் 10,000 கனடிய டாலராக இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் 20,635 ஆனது, 2025 செப்டம்பர் 1 முதல் 22,895. விதி மாறும் நாள் தெரிந்தால் அதற்கு முந்தைய நாளே விண்ணப்பிக்க வசதியுள்ளவர்கள் தயாராக இருக்கிறார்கள். நீங்களும் தயாராக இருக்க ஒரே வழி, ஆவணங்களைச் சேர்க்கைக் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் முன்பே முடிப்பது.

மாணவர் விசாவில் வேலை செய்யலாம் என்பதை நம்பி முதல் ஆதாரக் கணக்கைப் போடாதீர்கள். எதிர்காலச் சம்பளத்தைப் பொதுவாக எந்த நாடும் விசாவுக்கு ஆதாரமாக ஏற்பதில்லை. வரம்புகளும் உண்டு: பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்குப் பாட வாரங்களில் 20 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி, கனடாவில் கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி, ஜெர்மனியில் வருடத்துக்கு 140 முழு நாள். வேலை கிடைக்க ஒன்றிரண்டு மாதம் ஆகும் என்று வைத்துக் கணக்கிடுங்கள்.

விண்ணப்பச் செலவைக் குறைக்கும் இடங்கள்

எட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதில் உள்ள ஏற்றத்தாழ்வு யார் கண்ணிலும் படுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் கட்டணம், மதிப்பெண் அனுப்பக் கட்டணம், கூரியர். வசதியுள்ளவர் பத்து இடத்தில் வலை வீசுகிறார், மற்றவர் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் விண்ணப்பக் கட்டண விலக்கு உண்டு. கடைசித் தேதிக்கு 3 வாரமாவது முன்பே கேட்டுவிடுங்கள், பணம் கட்டிய பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. சில துறைகள் தாங்கள் நடத்தும் அறிமுகக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கே விலக்குக் குறியீடு தருகின்றன. இணையவழிக் கூட்டம்தான், ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாகப் போனால் ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தவை ஒவ்வொன்றும் 30. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் இணையதளத்திலேயே நேரடியாக விண்ணப்பம் வாங்குகின்றன. முதலில் அவற்றைப் பட்டியலிடுங்கள்.

மொழித் தேர்வுக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். ஐஈஎல்டிஎஸ், டோஃபெல் மதிப்பெண் 2 வருடம்தான் செல்லும். இரண்டாம் ஆண்டில் எழுதினால் சேரும்போது காலாவதியாகி, இன்னொரு முறை கட்ட வேண்டும். ஆங்கிலவழியில் பட்டம் படித்தவரிடம் பயிற்றுமொழிச் சான்றிதழை மட்டும் ஏற்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. ஆனால் பல்கலைக்கழகம் ஏற்றாலும் விசா அலுவலகம் தனியாகத் தேர்வு கேட்கலாம், இரண்டையும் பாருங்கள். பட்டமேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வைப் பல துறைகள் ‘கட்டாயமில்லை, விரும்பினால் எழுதலாம்’ என்று மாற்றிவிட்டன. உங்கள் பட்டியலில் கட்டாயம் என்று இருப்பவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தில்தான் வீட்டுப் பின்னணி அதிகம் தெரிகிறது. பேராசிரியரோடு சரளமாகப் பேசிப் பழகிய மாணவருக்கு நல்ல கடிதம் கிடைக்கிறது, வகுப்பு முடிந்ததும் வேலைக்கு ஓடும் மாணவருக்கு மூன்று வரிக் கடிதம் கிடைக்கிறது. இதைச் சரிசெய்யக் கடிதம் கேட்கும்போதே ஒரு பக்கக் குறிப்பைக் கையில் கொடுங்கள். எந்தப் பாடம், எந்தச் செமஸ்டர், என்ன மதிப்பெண், அந்த வகுப்பில் செய்த ஒரு குறிப்பிட்ட வேலை, அதில் நீங்கள் சந்தித்த சிக்கல், அதை எப்படித் தீர்த்தீர்கள், வாரம் எத்தனை மணி நேரம் வெளியே வேலை செய்தபடி இதைச் செய்தீர்கள். ‘ஆய்வகத்தில் மூன்றாவது சோதனை தவறியபோது கருவியின் அளவீட்டைத் திரும்பச் சரிபார்த்தவர்’ என்ற ஒரு வரி, ‘கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்’ என்ற பத்து வரியைவிட எடை கூடியது. 6 வாரம் முன்பு கேளுங்கள், 2 வாரம் முன்பும் 4 நாள் முன்பும் நினைவூட்டுங்கள். நினைவூட்டுவது மரியாதைக் குறைவு ஆகிவிடுமோ என்று தயங்கி வாய்ப்பை விட்டவர்கள் ஏராளம். பேராசிரியர்கள் எதிர்பார்ப்பதே அந்த நினைவூட்டலைத்தான்.

சேர்க்கை முடிவு வந்ததும் ‘இரண்டு நாளில் பதில் சொல்’ என்று நெருக்கினால் பதறாதீர்கள். அமெரிக்கப் பட்டமேற்படிப்பில் நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை அவகாசம் தரும் உடன்பாட்டில் நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டுள்ளன. உங்களை அழைத்த பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வேறு இடத்தின் முடிவுக்காகக் காத்திருப்பதாகப் பணிவாக எழுதலாம். கட்டணத் தள்ளுபடியை உயர்த்த முடியுமா என்று கேட்பதிலும் தவறில்லை.

பாஸ்போர்ட்டிலும் மதிப்பெண் பட்டியலிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். திருத்தச் சில மாதங்கள் பிடிக்கும். இதை விண்ணப்பத்துக்கும் முன்னால் வையுங்கள்.

திரும்பி வந்தபின் ஒரு செமஸ்டர் வீணாகாமல்

பரிமாற்றத்தில் படித்த பாடங்களை உங்கள் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை என்றால் பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும். வசதியில்லாதவருக்கு அந்த ஆறு மாதச் சம்பள இழப்பு டிக்கெட் விலையைவிடப் பெரியது. ஐரோப்பியக் கணக்கில் ஒரு செமஸ்டர் 30 கிரெடிட், ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. புறப்படும் முன், அங்கே படிக்கப்போகும் பாடங்களைப் பட்டியலிடும் கற்றல் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் இணையான பாடத்தின் குறியீட்டை எழுதி, துறைத் தலைவர், இரு பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளர்கள், நீங்கள் ஆகியோர் கையெழுத்திட வேண்டும். கூடவே மாற்றுப் பாடமாக இரண்டை எழுதி வையுங்கள். போனபின் வகுப்பு நேரம் மோதி ஏதேனும் ஒரு பாடம் கைவிட்டுப் போவது சகஜம். மாற்றினால் அதே வாரத்தில் திருத்தப் படிவம் அனுப்புங்கள்.

போய் இறங்கிய முதல் ஆறு வாரம்

இங்கேதான் ஒரு வட்டத்துக்குள் மாட்டிக்கொள்வார்கள். உதவித்தொகை வர உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும். வங்கிக் கணக்கு திறக்க முகவரிப் பதிவு கேட்பார்கள். முகவரிப் பதிவுக்கு வீட்டுக்காரரின் உறுதிக் கையெழுத்து வேண்டும். வீட்டுக்காரர் சாவி கொடுக்க முன்பணம் கேட்பார். முன்பணம் கட்ட உதவித்தொகை வர வேண்டும். ஜெர்மனியில் குடிவந்த 2 வாரத்துக்குள் முகவரி பதிய வேண்டும் என்பது சட்டம். தற்காலிக விடுதியில் தங்கினால் அந்தக் கையெழுத்தைப் பலர் தருவதில்லை. நகரங்களில் பதிவு அலுவலகச் சந்திப்புக்கே வாரக்கணக்கில் வரிசை.

வட்டத்தை மூன்று இடத்தில் அறுக்கலாம். ஒன்று, பல்கலைக்கழக மாணவர் விடுதிக்குச் சேர்க்கைக் கடிதத்துக்கும் முன்பே விண்ணப்பிப்பது. பல இடங்களில் காத்திருப்புப் பட்டியலில் பெயர் போட அந்தக் கடிதம் தேவையில்லை. இரண்டு, முகவரிப் பதிவு கேட்காமல் பாஸ்போர்ட்டோடு காணொளி வழியாகக் கணக்கு திறக்கும் வங்கியைப் புறப்படும் முன்பே தேர்ந்து வைப்பது. மூன்று, முதல் தவணையை உங்கள் நாட்டு வங்கிக் கணக்கிலேயே போடச் சொல்வது. முடக்கக் கணக்குப் பணமும் உள்ளூர் நடப்புக் கணக்குக்குத்தான் மாதாமாதம் விடுவிக்கப்படும். ஆகவே அதில் பணம் இருக்கிறது என்று தைரியமாகப் போய் இறங்கினால் முதல் மூன்று வாரம் சாப்பாட்டுக்கே திண்டாட்டம். 45 நாள் செலவைத் தனியாக, எடுக்கக்கூடிய வடிவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்பது ஏமாற்று வேலை. அங்கே ஏற்கெனவே படிக்கும் ஒருவரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆசிரியருக்கும் அலுவலகத்துக்கும்

‘எல்லோருக்கும் அறிவித்தோம், அவர்கள் விண்ணப்பிக்கவில்லை’ என்று சொல்லும் முன் நான்கு எண்ணிக்கையை எடுத்துப் பாருங்கள்: தகுதியுள்ளவர், விண்ணப்பித்தவர், தேர்வானவர், உண்மையில் போனவர். ஒவ்வொன்றிலும் முதல் தலைமுறை மாணவர், கட்டணச் சலுகை பெறுபவர், மாற்றுத்திறனாளிகள், வேலை செய்து படிப்பவர் எத்தனை பேர் என்று பிரியுங்கள். தகுதிக்கும் விண்ணப்பத்துக்கும் நடுவில் விழுந்தால் தகவல் போய்ச் சேரவில்லை, அல்லது ‘இது எனக்கானதல்ல’ என்ற எண்ணத்தை உங்கள் அறிவிப்பே விதைத்திருக்கிறது. விண்ணப்பத்துக்கும் தேர்வுக்கும் நடுவில் விழுந்தால் தேர்வு முறையில் கோளாறு. தேர்வுக்கும் புறப்பாட்டுக்கும் நடுவில் விழுந்தால் பணம் தரும் தேதியில் கோளாறு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

தகவலுக்கு: மாலை நேரக் கூட்டம் வேண்டாம், வேலைக்குப் போகும் மாணவர் அதற்கு வர மாட்டார். முதலாண்டுக் கட்டாயப் பாட வகுப்பில் 15 நிமிடம் கேளுங்கள். சுவரொட்டியில் உல்லாசப் படங்களுக்குப் பதிலாக ‘கையிலிருந்து முதலில் எவ்வளவு, எப்போது திரும்ப வரும்’ என்று அச்சிடுங்கள்.

தேர்வுக்கு: மதிப்பெண் வரிசையில் மேலிருந்து எடுப்பது நியாயமாகத் தோன்றும். வாரம் 20 மணி நேரம் வேலை செய்து வாங்கிய 78ஐயும் முழுநேரம் படித்து வாங்கிய 82ஐயும் அது ஒன்றாக எடைபோடுகிறது. குறைந்தபட்ச வரம்பு ஒன்றை வைத்து, அதைத் தாண்டியவர்களுக்குள் தேவை, நோக்கம் பார்த்துத் தேர்வு செய்யுங்கள். நேர்காணலில் ‘இதற்கு முன் எந்தெந்த நாட்டுக்குப் போயிருக்கிறீர்கள்’ என்ற கேள்வியை நீக்குங்கள். அது பெற்றோரின் வருமானத்துக்கு மதிப்பெண் போடும் கேள்வி.

பணத்துக்கு: முன்மாதிரிகள் இருக்கின்றன. 1987இல் தொடங்கிய ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ், 2021-27 காலகட்டத்தில் வாய்ப்புக் குறைந்த மாணவர்களுக்கு நீண்டகாலப் பரிமாற்றத்தில் மாதம் 250 யூரோ கூடுதலாகத் தருகிறது. மாற்றுத்திறனாளிகளின் கூடுதல் செலவை உண்மையான தொகைக்கே ஈடுசெய்யும் ஏற்பாடும் அதில் உண்டு. அமெரிக்காவின் கில்மன் உதவித்தொகை, வருமானம் குறைந்த குடும்பத்து இளங்கலை மாணவருக்கான பெல் உதவி பெறுபவர்களுக்கு மட்டுமே உரியது. பிரிட்டன் 2021இல் தொடங்கிய டூரிங் திட்டத்தில் பின்தங்கிய மாணவரின் பாஸ்போர்ட், விசாச் செலவுக்கும் இடமுண்டு. உங்கள் நிதி சிறியதாக இருந்தால் அதை எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்காதீர்கள். ஆளுக்குச் சிறு தொகை தந்தால், எப்படியும் போகிறவருக்கு அது கைச்செலவு, போக முடியாதவருக்கு அது போதாது. பாதியைப் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் ஆகியவற்றுக்கு நேரடியாகக் கட்டும் சுழல்நிதியாக வையுங்கள். உதவித்தொகை வந்ததும் அது நிதிக்குத் திரும்பும், அடுத்தவருக்குப் போகும்.

5 முதல் 30 நாள் நேரில் சென்று மீதியை இணையத்தில் படிக்கும் குறுகிய திட்டங்கள், வேலையையோ குழந்தையையோ நோயுற்ற பெற்றோரையோ விட்டுப் போக முடியாதவர்களுக்கு உதவும். எராஸ்மஸில் இதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் ஏழை மாணவர்களைக் குறுகிய திட்டத்துக்கும் மற்றவர்களை ஒரு வருடத் திட்டத்துக்கும் ஒதுக்கும் பழக்கம் வந்துவிடக் கூடாது. விண்ணப்பப் படிவத்தில் இரண்டையும் ஒரே பக்கத்தில், இரண்டுக்குமான பணக் காலண்டரோடு காட்டுங்கள்.

இடத்தை விட்டுக்கொடுப்பவர் நிரப்பும் படிவத்தையும் மாற்றுங்கள். ‘காரணம்’ என்ற காலிக் கோட்டுக்குப் பதிலாக, ‘எந்தத் தேதியில், எந்தத் தொகை கட்ட முடியவில்லை’ என்று கேட்டு, கையெழுத்து வாங்கும் முன் 7 வேலை நாள் நிறுத்திவையுங்கள். அந்த ஏழு நாளில் சுழல்நிதியிலிருந்து அந்தத் தொகையைக் கட்ட முடியுமா என்று பார்க்க ஒருவரின் பெயரை அந்தப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.